பத்து மில்லி இடைவெளி

மரத்தரை போட்ட வீடுகளில் ஏதாவது கோளாறு என்றால் அந்த ஊரில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தரை மேடு தட்டிவிட்டதா, நடந்தால் கிறீச்சென்று கத்துகிறதா, பலகை ஓரம் தூக்கிக்கொண்டு காலைக் கிழிக்கிறதா, எதுவானாலும் "பத்து மில்லிக்குப் போன் போடு" என்பார்கள். புதிதாகக் கேட்பவர்கள், பெண்பிள்ளை குடிப்பாள் போலிருக்கிறதே என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கமெல்லாம் அவளுக்கு இல்லை. சுவரோரம் பத்து மில்லிமீட்டர் இடம் விடாமல் பலகை போடாதீர்கள் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வந்த பெயர் அது.

அவளிடம் பேசுகிறவர்கள் வலப்பக்கமாக வந்து நின்றுதான் பேச வேண்டும். இடது காது கேட்காது. அது பிறவிக் குறை இல்லை, கணவன் கொடுத்தது. கணவன் மரத்தரை போடும் மேஸ்திரி. கல்யாணமான மறுவருஷம் அவள் அவனுக்குக் கையாளாக இருந்து பலகை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பலகைக் கட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கும். எப்படிப் போட வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று படத்தோடு அச்சடித்திருப்பார்கள். மேஸ்திரி அதைப் பசை துடைக்க வைத்துக்கொள்வான். அவள் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் படிப்பாள். அன்றைக்கு வேலை முடிந்ததும் அந்த வீட்டின் சொந்தக்காரர் அவளைப் பார்த்து, "என்னம்மா, தரை நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார். அவளும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நல்லா வந்திருக்குங்க. செவுத்தோரம் மட்டும் பத்து மில்லி இடம் விட்டிருக்கலாம்" என்றாள்.

மேஸ்திரியின் கை வந்து காதில் விழுந்தது. பசை காய்ந்து காய்ந்து கட்டையாகிப் போன கை. காதிலிருந்து ரத்தம் புதுப் பலகையில் சொட்டியது. அந்த மடித்த தாளை எடுத்து அவன் துடைத்தான். துடைத்தது பலகையை. வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது மணி என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார்.

வீடு திரும்பும் வழியில் மேஸ்திரி பாடம் நடத்தினான். "யாராவது உன்கிட்ட ஏதாவது கேட்டா, 'அவருக்குத் தெரியாததா'ன்னு சொல்லணும். அவ்வளவுதான். அதுக்கு மேல வாயைத் தொறந்தே, இன்னொரு காதும் போயிடும்."

அவள் அப்படியே சொல்லிப் பழகிக்கொண்டாள். சமையலறைக்கு என்ன மரம் நல்லது என்று கேட்டாலும் "அவருக்குத் தெரியாததா". எப்போது முடியும் என்று கேட்டாலும் "அவருக்குத் தெரியாததா". என்ன அடக்கமான பொண்ணு என்று பலரும் மெச்சினார்கள். மெச்சுவதற்கு இந்த உலகத்தில் ஆள் பஞ்சமே கிடையாது.

மேஸ்திரியின் கைவேலையைக் குறை சொல்ல முடியாது. அவன் சேர்த்த இரண்டு பலகைக்கு நடுவே தலைமுடி நுழையாது. அதுதான் அவன் பெருமை, அதுதான் அவன் பிழையும். மழைக்காலத்தில் மரம் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் அகலமாகும். ஒவ்வொரு பலகையும் ஒரு மயிரிழை அகலமானாலே ஐம்பது பலகைக்கு ஒரு விரல் கனம் வந்துவிடும். சுவரோரம் இடம் இருந்தால் தரை சத்தமில்லாமல் அங்கே நகர்ந்துகொள்ளும். அந்த இடைவெளியையும் சுவரடியில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. இடமே இல்லையென்றால் தரை நடுவில் மேலே எழும்பும். இதை அவனிடம் யார் சொல்வது? "அளவெடுக்கத் தெரியாதவன் விடுறதுதான் சந்து" என்பான். சுவரைத் தொடுகிற வரைக்கும் பலகையை அடித்து இறுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

அடுத்த மழைக்கு அந்தத் தரை எழும்பும். தண்ணியை ஊத்திக் கழுவியிருப்பீங்க என்று மேஸ்திரி வீட்டுக்காரர்கள் மேலேயே பழியைப் போடுவான். அந்த வீட்டுப் பெண்கள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் வேறு ஊரில் வேலையாக இருக்கும் நாள் பார்த்து அவள் ஒரு சின்ன அறுப்பு மெஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, சுவரோரப் பலகையில் பத்து மில்லி அறுத்தெடுத்து, மேட்டின்மேல் கனத்தை ஏற்றிவைத்துவிட்டு வருவாள். பத்துப் பதினைந்து நாளில் தரை தானே படுத்துக்கொள்ளும். புருஷன் போட்டுவிட்டுப் போகிறான், பொண்டாட்டி பின்னாலேயே போய்ச் சரி பண்ணுகிறாள், இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு தொழில் பண்ணுகிறார்கள் என்று ஊரில் சிரித்தார்கள்.

இந்தச் சிரிப்பு மேஸ்திரியின் காதுக்கு வந்த அன்று, ரப்பர் சுத்தியை எடுத்தான். பலகையில் அடையாளம் விழக் கூடாது என்பதற்காக வாங்கிய சுத்தி. அதால் அடித்தால் தோல் கிழியாது, உள்ளே எலும்பு மட்டும் விரிசல் விடும். அவளுக்குத் தோள்பட்டை எலும்பு விட்டது. மாடிப்படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாள். அப்போது அவர்கள் இருந்த வீட்டில் மாடியே கிடையாது.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பவர்கள் சாவகாசமாக உட்கார்ந்து கேட்பவர்கள். இரண்டு தடவை போனாள். முதல் தடவை அவளுடைய சொந்த அண்ணனே வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, உள்ளேகூட வராமல் போனான். இரண்டாவது தடவை மகளுக்குப் பரீட்சை, புத்தகமெல்லாம் இங்கே இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். தன்மேல் விழுவது விழட்டும், மகள்மேல் அவன் கை படக் கூடாது. மகள் படித்து முடித்து வேலைக்குப் போய் வீட்டைவிட்டுக் கிளம்புகிற வரைக்கும் இதை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும். பத்தொன்பது வருஷம் காப்பாற்றினாள். அந்தக் கணக்கெல்லாம் சொந்த வீடு கட்டியதும் கெட்டது.

புது வீட்டுக் கூடத்துக்கு மேஸ்திரி தானே மரத்தரை போட வேண்டும் என்றான். கான்கிரீட் போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. அவள் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டின்மேல் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவைத்தாள். மறுநாள் பிரித்துப் பார்த்தால் தாளின் அடியில் சோற்றுப்பானை மூடியில் நிற்பது மாதிரி முத்து முத்தாக நீர்.

"இன்னும் ரெண்டு மாசம் காயட்டுங்க. பலகைக் கட்டையும் பிரிச்சு ரூம்லயே கொஞ்ச நாள் போட்டு வைங்க. இந்த வீட்டுக் காத்துக்கு அது பழகணும்" என்றாள்.

அவன் அந்தத் தாளைச் சுருட்டி அவள் வாய்க்குள் திணித்தான். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் திணித்தான். மூச்சு முட்டி அவள் கண் பிதுங்கியபோது மகள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பி மகளின் விரலை மடக்கினான். மளுக்கென்று சத்தம் கேட்டது. அன்றைக்குத்தான் மகள்மேல் முதல் அடி.

அன்று சாயங்காலம், மகளின் சுண்டுவிரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகு, அவள் அவன் முன்னால் போய் நின்றாள். "என்னை என்ன வேணா பண்ணுங்க. அவமேல கை வைக்காதீங்க."

"அப்ப அவளை ஒழுங்கா இருக்கச் சொல்லு" என்றான் மேஸ்திரி.

மறுநாள் பலகைக் கட்டைப் பிரித்த கையோடு, ஈரக் கான்கிரீட்டின்மேல் தரையைப் போட்டான். சுவருக்குச் சுவர், தலைமுடி நுழையாமல்.

மழை வந்தது. மூன்றாம் நாள் கூடத்தின் நடுவில் தரை லேசாக உப்பியது. ஐந்தாம் நாள் அதன்மேல் டம்ளரை வைத்தால் நிற்கவில்லை. மரம் இரவும் பகலும் முனகிக்கொண்டே இருந்தது. மேஸ்திரி அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தான். தாயும் மகளும் அதையே செய்தார்கள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் ஒரு வீட்டிலிருந்து கொதித்துக்கொண்டு வந்தான். அங்கே நாலு பேர் நடுவில், "உங்க வேலை வேணாம், உங்க வீட்டம்மாவை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார்களாம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த வேகத்தில் சொந்தத் தரையின் மேட்டில் கால் இடறி, முகம் குப்புற விழுந்தான். முன்பல் உதட்டைக் குத்திக் கிழித்தது. சன்னலோரம் படித்துக்கொண்டிருந்த மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நொடிதான். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பார்த்துவிட்டான்.

எழுந்தபோது அவன் கையில் பெரிய இரும்புச் சுத்தி இருந்தது. மகள் படுக்கையறைக்குள் ஓடித் தாழ்ப்பாளைப் போட்டாள். தாய் குறுக்கே வந்தாள். அவன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. புருவம் பிளந்து ஒரு கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவளை அப்படியே விட்டுவிட்டு அவன் தரையிடம் போனான். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மேடுதான் என்று தோன்றியதோ என்னவோ, சுத்தியை ஓங்கி அதன்மேல் இறக்கினான். மேடு அமுங்கியது. அமுங்கிய அந்த நெருக்கடி எங்கே போகும்? துப்பாக்கி வெடித்தது மாதிரி ஒரு சத்தத்தோடு படுக்கையறை வாசலில் நாலு பலகைகள் மேலே எழும்பிக் கதவின் அடியில் முட்டிக்கொண்டு நின்றன.

அந்தக் கதவு கூடத்துப் பக்கம்தான் திறக்கும். இனி உள்ளிருந்து தள்ளினாலும் வராது, வெளியிலிருந்து இழுத்தாலும் வராது. சன்னலில் கம்பி. மகள் உள்ளே அடைபட்டுக் கிடந்தாள். மேஸ்திரி கதவைச் சுத்தியால் அடித்தான். அவனே பார்த்துப் பார்த்து வாங்கிய கனத்த மரக்கதவு, பள்ளம் விழுந்ததே தவிர அசையவில்லை. நாலாவது அடியில் சுத்தியின் பிடி உடைந்தது.

"சிரிக்கிற வாயைக் கிழிக்கிறேன் பாருடி" என்று கதவைப் பார்த்துச் சொன்னான். கத்தக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் கத்தாமல் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பெரிய அறுப்பு மெஷினை எடுத்துவந்தான். அந்த மெஷினில் வட்டப் பிளேடின்மேல் தானாக வந்து மூடிக்கொள்ளும் தகடு ஒன்று உண்டு. வேலைக்கு இடைஞ்சல் என்று அதைக் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டிவைத்திருந்தான். அந்தக் கம்பியை அவிழ்க்கச் சொல்லி அவள் எத்தனையோ தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். கதவின் முன்னால் எழும்பி நின்ற மேட்டில் பிளேடைப் பொருத்தி, ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்தான்.

அவன் பிளேடைப் பொருத்திய இடத்தை அவள் பார்த்தாள். நெருங்கி எழும்பிய தரையை மேட்டில் வைத்து அறுக்கக் கூடாது. வெட்டு விழ விழ இரண்டு பக்கத்துப் பலகையும் நெருங்கி வந்து பிளேடைக் கடிக்கும். கடித்ததும் மெஷின் பிடித்திருப்பவன்மேலேயே எகிறும். வாத்தியார் ஒருவர் வீட்டில் அவரே அப்படி அறுக்கப் போய், மெஷின் எகிறிச் சுவரில் தலையளவு ஓட்டை போட்டதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். சுவரோரத்தில் சின்ன மெஷினால் ஆரம்பித்து முதலில் நெருக்கத்தைத் தளர்த்த வேண்டும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். புதுத் தரை மட்டுமே போட்டுப் பழகிய அவனுக்குத் தெரியாது. போட்ட தரையைப் பிரித்துச் சரி செய்யும் வேலைக்கு அவன் ஒருநாளும் குனிந்ததில்லை.

"சுவிட்சைப் போடு" என்றான்.

அவள் சுவர்ப் பக்கம் போனாள். பிளக்கைச் செருகினாள். விரல் சுவிட்சின்மேல் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மகள், "அம்மா, வேணாம்மா, அம்மா" என்று அழுவது வலது காதில் கேட்டது.

அப்போதுதான் அவன், கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தான். பிளேடைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான், திரும்பி அவளைப் பார்த்துக் கேட்டான்.

"இங்க வெச்சு அறுத்தா போதும்ல?"

ஒரு கண்ணில் ரத்தம். இன்னொரு கண்ணால் அவனைப் பார்த்தாள். அங்கே வேண்டாம் என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது.

"உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.

மெஷின் அலறியது. மரத்தூள் பறந்தது. ஒரு முழம் வரைக்கும் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு அலறல் உறுமலாக மாறியது. பலகைகள் பிளேடைக் கடித்துவிட்டன. மெஷின் ஒரே தாவலில் பின்னால் எகிறி, ஊன்றியிருந்த அவன் தொடைக்குள் சுற்றிக்கொண்டே இறங்கியது. அவன் வாய் திறந்தது, சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. ரத்தம் பீய்ச்சிக் கதவில் அடித்தது.

அவள் முதலில் சுவிட்சை அணைத்தாள். பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா நின்றாள். அந்த ஒரு மூச்சைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம் ஓடினாள். பலகைகளை நெருக்கி இழுக்க அவன் வைத்திருக்கும் பற்சக்கரப் பட்டையைத் தொடைக்கு மேலே சுற்றி, கைப்பிடியை ஏற்றி ஏற்றி இறுக்கினாள். அவன் சதை வெளுக்கிற வரைக்கும், ரத்தம் நிற்கிற வரைக்கும் இறுக்கினாள்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள்.

"உன்னை என்னம்மா பண்ணினாரு?"

"என்னை இல்லடி. அவரைத்தான்."

முக்கால்வாசி அறுபட்ட பலகைகள் தாமாகவே முறிந்து படுத்தன. மகள் தோளைக் கொடுத்துத் தள்ள, கதவு ரத்தத்தின்மேல் அரைவட்டம் போட்டுக்கொண்டு திறந்தது.

கட்டுப் போட்டது யார், உயிரைக் காப்பாற்றியிருக்கிறாரே என்று ஆஸ்பத்திரியில் மருத்துவர் பாராட்டினார். இந்தப் பாராட்டையும் அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். உயிர் நின்றது, கால் நிற்கவில்லை. தொடை நரம்பும் தசையும் போய் முட்டி மடங்காமல் விறைத்துவிட்டது. தரை போடுகிறவனுக்கு முட்டி போட முடியாதென்றால் அதற்குமேல் தொழில் என்ன இருக்கிறது. கூடத்து நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே முதல் மாதம் தட்டை வீசினான், இரண்டாம் மாதம் ஊன்றுகோலை வீசினான். வீசிய கோலை எடுத்துக் கொடுக்க ஆள் வராது என்று தெரிந்த பிறகு வீசுவது நின்றது.

அவளுக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. ராத்திரி அந்த மெஷின் சத்தம் கேட்காத காதிலும் கேட்டது. தன்னைப் பார்த்தே சில நாள் பயந்தாள். ஆனால் காலையில் மகள் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் தூங்குவதைப் பார்க்கும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாலும் அதே வார்த்தையைத்தான் சொல்வோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆறாம் மாதம் ஒரு மூலையில் பலகையைப் பெயர்த்துவிட்டு, கான்கிரீட்டில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மீதிப் பழைய பலகைகளையும் பிரித்து, ரத்தம் ஊறியதையும் முறிந்ததையும் ஒதுக்கிவிட்டு, புதிதாகக் கொஞ்சம் வாங்கி இரண்டு வாரம் கூடத்திலேயே போட்டுவைத்தாள். பிறகு ஒரு காலையில் தாயும் மகளும் முட்டிக்குத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவரோரம் வரிசையாகப் பத்து மில்லி மர ஆப்பு வைத்துக்கொண்டு வந்தாள். பாதிக் கூடம் முடிந்தபோது மகள் பசை வாங்க வெளியே போனாள்.

மேஸ்திரி நாற்காலியைத் தேய்த்துத் தேய்த்து நகர்த்தி அவளுக்கு வலப்பக்கமாக வந்தான். இத்தனை வருஷத்தில் அவள் காது கேட்கும் பக்கமாக அவன் வந்து பேசியதில்லை.

"அன்னிக்கு மெஷின் எகிறும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

அவள் ஒரு ஆப்பை எடுத்துச் சுவரோரம் வைத்து, விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா சொன்னேனே. ஒவ்வொண்ணுக்கும் அடிதான் வாங்கினேன். இனிமே அவமேல கையை ஓங்கினீங்கன்னா, அப்பவும் சொல்ல மாட்டேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். புருவத்தில் தையல் போட்ட தழும்பு இருந்தது. பயம் எங்காவது இருக்கிறதா என்று தேடினான் போலிருக்கிறது. அந்த முகத்தில் அவனுக்குப் பழகிய எதுவும் இல்லாததால் அவனுக்குத்தான் பயம் வந்தது.

"காலைத் தூக்குங்க" என்றாள் அவள். "அடுத்த பலகை அங்கதான் வருது."

நல்ல காலைத் தூக்கினான். மடங்காத காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, அவள் பலகையைத் தட்டிப் பொருத்துகிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.